பாதியில் நின்ற ஜெபம்

தேவகனி எங்கே ஜெபம் பண்ணுவாள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து முழங்கால் போடுவாள், அது வேறு. அவளும் ஆண்டவரும் மட்டும் பேசிக்கொள்கிற சொந்தப் பேச்சு நடப்பது ஒரு பனியன் கம்பெனியின் முதல் மாடியில், ஓடுகிற ஓவர்லாக் மிஷினுக்கு முன்னால்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். வேலம்பாளையத்தில் வரிசை வீட்டில் ஒற்றை அறை. அடுத்த வீட்டில் கடுகு தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும். அங்கே வாய்விட்டு ஜெபிப்பது எப்படி? மனசுக்குள் முணுமுணுக்கிற ஜெபமோ அவளுக்கு ஒத்துவரவில்லை. தொடங்கும்போது ஆண்டவரோடு இருக்கும் மனசு, முடிக்கும்போது ரேஷன் கடை வரிசையில் போய் நின்றிருக்கும்.

கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு வழி கிடைத்தது. ஹால் முழுக்க மிஷின்கள் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத்தான் தட்ட வேண்டும். போதாததற்கு ஸ்பீக்கரில் பாட்டு வேறு. ஒருநாள் துணியைத் தள்ளிக்கொண்டே, "என்ன ஆண்டவரே, இந்த வெயிலு" என்று சும்மா சொல்லிப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். முன் மிஷினில் இருந்த முத்துப்பேச்சியின் கொண்டைகூட அசையவில்லை. அன்றைக்குத் திறந்த வாய்தான்.

அதன்பிறகு தேவகனி பேசாத பேச்சில்லை. மகனுக்குக் கணக்கு வராததைச் சொல்வாள். கோபம் வந்தால், "நீரு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீரா, இல்ல ஒறங்கிட்டீரா?" என்று அதட்டுவாள். பதிலாக ஒரு சொல்லும் வந்ததில்லை. ஆனால் சில நாள், பேசி நிறுத்தி மூச்சு வாங்குகிற இடைவெளியில், போனில் எதிர்ப்பக்கம் ஆள் இருப்பது அவர் பேசாமலே நமக்குத் தெரியுமே, அப்படித் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தில் விரல் தானாக ஓடும், தோள் வலி இருக்கிற இடம் தெரியாது. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தரிசனம் கண்டேன், சத்தம் கேட்டேன் என்று சாட்சி சொல்லும்போது இவள் வாய் திறக்க மாட்டாள். பனியனுக்குத் தோளை மூட்டித் தைக்கும்போது பக்கத்தில் ஒருத்தர் இருந்தார் என்று சொன்னால் அது ஒரு சாட்சியா?

அது இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் கட் திருப்பூரையே ஆட்டிவைத்த வருஷம். அன்றன்றைக்கு எப்போது கரண்ட் போகும் என்று சூப்பர்வைசர் மருதாசலம் காலையிலேயே சொல்லிவிடுவார். போன கரண்டுக்கும் ஓடப்போகும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஹாலில் விழுகிற அமைதியில், கீழே கத்தரி விழுந்தாலும் தெருவரைக்கும் கேட்கும். அதனால் தேவகனி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நேரம் வருவதற்கு முன்னாலேயே ஆமென் சொல்லிவிடுவாள்.

செக்கிங் டேபிளில் வேலை பார்த்த சித்ராதேவி அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டுத் துணை. நெசவுக்காரக் குடும்பம், முருகனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அவள் புருஷன் அருள்செல்வன் அதே ஹாலின் கடைசியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. மாமியார் கமலாம்பாளுக்கு அது ஒன்றுதான் குறை. பழனிக்கு நடந்தும் பார்த்தார்கள், கோயமுத்தூரில் பெரிய டாக்டரையும் பார்த்தார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சித்ராதேவி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, என்னாச்சு?"

"ஆடி கழிஞ்சதும் எங்கம்மா ஊட்டுக்குப் போயிரோணுமாங்க்கா. பொங்கலூர்ல அவருக்கு வேற பொண்ணு பாத்திருக்காங்க."

"அவன் என்ன சொல்லுதான்?"

"அவரு என்னத்தைச் சொல்லுவாரு?" சித்ராதேவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "குறை எனக்கில்லீங்க்கா. அவருக்குத்தானுன்னு டாக்டரு எங்க ரெண்டு பேத்தையும் வெச்சுத்தான் சொன்னாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டாங்க, சொல்லாதேன்னு என் கையைப் புடிச்சுட்டு அழுதாரு. நானும் சரின்னுட்டேன்."

"அதுக்காவ வீட்டவிட்டே போவியா?"

"அவரா வாயத் தொறந்து சொல்லோணும். நானாச் சொன்னா அவரை நானே தெருவுல நிறுத்துன மாதிரி." பிறகு தேவகனியின் கையைப் பிடித்தாள். "நீங்க ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க்கா."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன். ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுதேன்."

சித்ராதேவிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "உங்க சாமிகிட்டத் தாராளமாச் சொல்லுங்க. அவரு போயி ஆருகிட்டச் சொல்லப் போறாரு?"

அன்று மத்தியானத்திலிருந்தே தேவகனிக்கு வேறு ஜெபம் இல்லை. மகனின் கணக்கும் வெயிலும் பின்னால் போயின. ஒவ்வொரு நாளும் வழக்கை முதலிலிருந்து எடுத்துவைத்து வாதாடினாள். பேரும் ஊரும் சொல்லாமல் ஜெபித்தால் அவளுக்கு ஜெபித்த மாதிரி இருக்காது.

ஆடி பிறந்திருந்தது. அந்தப் புதன்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போகும் என்று மருதாசலம் சொல்லியிருந்தார். அதற்கு நேரம் நிறையக் கிடந்தது. குழந்தைகள் டீசர்ட்டுக்குத் தோள் மூட்டிக்கொண்டே தேவகனி ஜெபத்தில் ஆழ்ந்துபோயிருந்தாள்.

கரண்ட் சொல்லாமல் போய்விட்டது. மிஷின் நின்றதைக் கை உடனே உணர்ந்தது. அந்தச் சேதி வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் அது முக்கால்வாசி பேசிவிட்டது.

"சித்ராதேவி மேல ஒரு குறையும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாவ ஆண்டவரே! குறை அருள்செல்வன்கிட்டதான். அத மறைச்சுக்கிட்டு அந்தப் பிள்ள பழிய எல்லாம் தலையில சுமக்கா. அந்தப் பையன நீரு..."

தன் குரல் தன் காதிலேயே விழுந்தபோதுதான் நிறுத்தினாள்.

மேலே ஃபேன்கள் இறக்கை தெரிகிற அளவுக்கு மெதுவாகச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தன. செக்கிங் டேபிளில் சித்ராதேவி ஒரு டீசர்ட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அதை அவள் கீழே இறக்கவில்லை. முகம் அதற்குப் பின்னால் இருந்தது. ஹாலின் கடைசியில், அடுக்கிய துணிக்குள் பாதிவரை போய் நின்ற கட்டிங் மிஷினில் கை வைத்தபடி அருள்செல்வன் குனிந்தே இருந்தான்.

அயர்னிங் பக்கத்திலிருந்து ஒருவன் முதலில் சிரித்தான். முத்துப்பேச்சி திரும்பி, "ஏக்கா, உங்க ஏசுவுக்குக் கேட்டுச்சோ என்னமோ, எங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றாள். வேண்டுமென்றே சொன்னவள் இல்லை, அவள் வாய் அப்படி. ஆனால் அதற்கு ஹாலே சிரித்தது.

"எவன்டா அங்க இளிக்கறது? ஜெனரேட்டரைப் போடுங்கடா!" என்று மருதாசலம் கத்தினார்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது அருள்செல்வன் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தான். சித்ராதேவி அவன் பின்னாலேயே ஓடினாள். தேவகனியைக் கடந்துதான் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. டீ நேரத்தில் ஆண்கள் கூட்டம் கூடி, "மாஸ்டர் எங்கப்பா, லீவா, ரிப்பேரா?" என்று கேட்டுச் சிரித்தது. தேவகனி டம்ளரைக் கழுவாமலே வைத்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். இரைச்சல் இருந்தது, பாட்டு இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

பின்னால் நிலவிய மௌனம் முத்துப்பேச்சிக்கே தாங்கவில்லை. நூல் மாட்டுகிற சாக்கில் எழுந்து வந்து காதருகில் குனிந்தாள். "ஏக்கா, எதாச்சும் பேசுங்க. நாலு வருசமா என் முதுகுக்குப் பின்னால பேசிக்கிட்டேதான இருந்தீங்க? வார்த்தை கேக்காது, ஆனா நீங்க பேசுறது தெரியும். இப்ப முதுகெல்லாம் வெறிச்சுனு இருக்கு."

"என்ன பேசச் சொல்லுத?" என்றாள் தேவகனி. "பேசினதுதான் பேசியாச்சே."

அவளுக்கு ஆண்டவர் மேல் கோபம். அதை அவரிடம் சொல்லக்கூட மனசில்லாத கோபம். கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்? நான் ஆமென் சொல்லுகிறவரைக்கும் பொறுக்கக் கூடாதா? உம்மை நம்பித்தானே அந்தப் பெண்ணின் மானத்தை உம் கையில் கொடுத்தேன்? இப்படி நினைப்பு ஓடும். ஓடின வேகத்திலேயே, கொடுத்தது அவர் கையிலா, ஹால் காதிலா என்று வேறொரு நினைப்பு வந்து குத்தும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜெபம் நடத்துகிற அம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டு, "இது சத்துருவோட கிரியை, பிசாசு பண்ணின வேலை, தேவகனி. நீ கலங்காத" என்று தலையில் கை வைத்தார்.

"சத்துரு எதுக்கும்மா வாராம்? வாயத் தொறந்தது நான். கரண்ட் போனதுக்குத்தான் எனக்குக் காரணம் தெரியல" என்றாள் தேவகனி.

வீட்டில் ஞானமுத்து, அவள் புருஷன், சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தை முடித்தான். "ஆண்டவர்கிட்ட அப்புறமாச் சண்டை போட்டுக்கோ. அவரு எங்கயும் ஓடிற மாட்டாரு. மொதல்ல அந்தப் பிள்ளையப் போய்ப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கு உடுத்துகிற சேலையை உடுத்திக்கொண்டு தேவகனி, சித்ராதேவி வீடு இருக்கிற முதலிபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். ஆராதனைக்குப் போகாத ஞாயிறு, காய்ச்சலில் கிடந்ததைத் தவிர, அவளுக்கு நினைவில் இல்லை.

வாசலில் கமலாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"வாங்க கண்ணு. கம்பெனியில இருந்து வர்றீங்களா? நல்லவேளை வந்தீங்க. இதுக ரெண்டுக்கும் என்ன வந்துச்சுன்னே தெரியலீங்க. வேலைக்கும் போறதில்லை, சோறும் திங்கறதில்லை. கேட்டா வாயத் தொறந்தாத்தானே? உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம் இந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை என்பது தேவகனிக்கு அப்போதுதான் புரிந்தது. அது நிம்மதியா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே முருகன் படத்துக்குக் கீழே அருள்செல்வன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். சித்ராதேவி அறைக் கதவருகே நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். எப்போதும் ஒட்டிக்கொள்கிற 'ங்க்கா' அதில் இல்லை.

தேவகனி அருள்செல்வனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றும் நிற்கவில்லை. "தம்பி, நான் உங்க ரெண்டு பேருக்கும் பண்ணினது..." என்று தொடங்கி, மேலே போக முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவன் பதறிப்போய், "கையை இறக்குங்க்கா" என்றான். சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டான். அங்கே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. "நீங்க பொய்யி ஒண்ணும் சொல்லலீங்களே. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியோணும். அதைக் கேக்கோணும்னுதான் நாலு நாளா நெனச்சுட்டிருக்கறேன்."

"கேளுங்க தம்பி."

"'அந்தப் பையன நீரு'ன்னு சொல்லி நிறுத்திப்போட்டீங்க. அதுக்கு மேல என்ன சொல்லப் போனீங்க?"

தேவகனி திகைத்துப்போனாள்.

"ஹால்ல சிரிச்சவனெல்லாம் எனக்குப் பெருசில்லீங்க்கா. படுத்தா அதுதான் வந்து நிக்குது. என்னையத் தண்டிக்கச் சொன்னீங்களா? இவளை எங்கிட்ட இருந்து பிரிச்சு நல்ல எடமாப் பாத்துக் குடுக்கச் சொன்னீங்களா? எது கேட்டிருந்தாலும் தப்பில்லை. என்ன கேட்டீங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

ஆசீர்வதியும்னு கேட்க வந்தேன் தம்பி என்று சொல்லியிருக்கலாம். அவன் மனசு ஆறியிருக்கும், அவளும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஆண்டவரிடம் ஒன்று கேட்டுவிட்டு, கேட்டது வேறொன்று என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இனி எந்த முகத்தோடு வாயைத் திறப்பாள்?

"தெனமும் கேக்கது ஒண்ணுதான் தம்பி" என்றாள். "அதையே அப்படியே சொல்லுதேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். மிஷின் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. தன் குரல் இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஆண்டவரே, அந்தப் பையன நீரு அவன் அம்மைக்கு முன்னால வாயத் தொறக்க வையும். அந்தப் பிள்ளய வீட்டவிட்டு அனுப்புகதுக்கு முந்தித் தொறக்க வையும். பயந்துதான் மறைக்கான், கெட்டவன் இல்ல. அவன் தொறக்கும்போது, நீரு அவன் பக்கத்துல நில்லும். தனியா விட்டுராதேயும்."

கண்ணைத் திறந்தபோது பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சமையலறை வாசலில் கமலாம்பாள் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஆரு, எங்கிட்ட எதுக்கு வாயத் தொறக்கோணும்?"

தேவகனி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது தடவை. அதே வாய். சித்ராதேவி இரண்டடி முன்னால் வந்து, "ஒண்ணுமில்லீங்கத்தை, கம்பெனி விசயம்" என்றாள். இத்தனைக்குப் பிறகும் அவனை மறைக்கத்தான் அவள் முன்னால் வந்தாள்.

அருள்செல்வன் எழுந்து நின்றான். சுவரை ஒட்டி நின்றவன், ஏனோ ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு விலகி நின்றான். அதைத் தேவகனி பார்த்தாள்.

"அம்மா, தட்டைக் கீழ வெய்யுங்க" என்றான். "கோயமுத்தூர்ல டாக்டரு குறைன்னு சொன்னது இவளை இல்லீங்கம்மா. என்னையத்தான். நாந்தான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு இவ வாயைக் கட்டிப்போட்டேன். நீங்க இவளைப் பேசினதையெல்லாம் நான் இங்கயே உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

கமலாம்பாள் தட்டைக் கீழே வைக்கவில்லை. பிடித்த பிடியிலேயே மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். காப்பி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் சித்ராதேவியிடம்தான் பேசினார்.

"வருசக்கணக்கா புள்ளை உண்டாகோணும்னு கசாயத்தை அரைச்சு அரைச்சு உன்ற வாயில ஊத்தினேனே. வாயில வெக்க முடியாத கசப்பு. ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிச்சியே கண்ணு. வேண்டாங்கத்தைன்னு ஒரு நாளைக்காச்சும் சொல்லியிருக்கப்படாதா?"

"சொன்னா ஏன்னு கேப்பீங்களேத்தை."

அதற்குப் பிறகுதான் கமலாம்பாள் தரையில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். மகன் தலையில் கை வைக்க வந்தவர், வைக்காமல் அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினார். கோபமும் இருந்தது அதில். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொங்கலூர்க்காரங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிப்போடறேன். எம்பையன் ஊட்டுல பொண்ணு இருக்குதுன்னு" என்றார். பிறகுதான் தேவகனி உட்கார்ந்திருப்பது நினைவு வந்தவராக, "காப்பி ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தர்றேன் சாமி" என்று எழுந்தார்.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் சித்ராதேவி கூட வந்தாள்.

"கோவம் இன்னும் போகலீங்க்கா" என்றாள்.

"போகாண்டாம்ட்டி. எப்பப் போகுதோ அப்பப் போகட்டும்."

"இதுக்குத்தான் உங்க சாமி கரண்டை நிறுத்துனாரா?"

தேவகனி யோசித்தாள். ஆமாம் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அல்லேலூயா போடுவார்கள்.

"தெரியாதுட்டி. நான் வாயடக்காம விட்ட தப்ப அவரு தலையில தூக்கிவச்சு, எல்லாம் நல்லதுக்குன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா இன்னைக்கு உன் வீட்டுக்காரன் எந்திரிச்சு நின்னான் பாரு, அப்ப அவரு அங்க இருந்தாரு. அது எனக்குத் தெரியும்."

சித்ராதேவி நடந்துகொண்டே கேட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்கும் ஆரோ இருந்த மாதிரித்தாங்க்கா தெரிஞ்சுது" என்றாள். "நான் முருகன்னு நெனச்சேன்."

தேவகனிக்குச் சட்டென்று ஒரு பதில் வந்தது. ஆண்டவரைத் தவிர வேறே தெய்வம் இல்லை என்று கோயிலில் கேட்ட பதில். அதை வெளியே விடாமல், முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

வேலம்பாளையம் பஸ் தூரத்தில் தெரிந்தது. "நாளைக்கு வேலைக்கு வருவியாட்டி?"

"வர்றேன். அவரும் வர்றேன்னிருக்காரு. சிரிக்கறவங்க சிரிச்சு முடிக்கட்டும்." பஸ் வந்து நிற்கவும் சித்ராதேவி அவள் முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டாள். "உள்ள தள்ளி உக்காருங்க்கா. படியில கூட்டமா இருக்குது."